ஆள் புழங்கும் வீட்டில் ரோபோ வேக்யூமைப் பழக்குவது

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் மூன்று படுக்கையறை பிளாட். வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு, எழுபது தாண்டிய அம்மா. லீவுக்கு வந்த துபாய் மச்சான் ஒரு ரோபோ வேக்யூமைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தூசியும் உறிஞ்சும், ஈரத்துணியால் துடைக்கவும் செய்யும் ரகம். தினமும் எங்கேயாவது மாட்டிக்கொண்டு கூப்பாடு போடுகிறது. படுக்கையறை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பி ஓடுகிறது. அது வரைந்து போன் ஆப்பில் காட்டும் மேப்பில் வீட்டிலேயே இல்லாத ஓர் அறை முளைத்திருக்கிறது. அம்மாவோ, "இந்தச் சவத்த எடுத்துப் பரண்ல போடுல" என்கிறார்கள். வீட்டைக் காலி பண்ணாமல் இதை ஓட்ட வழியுண்டா என்பது உங்கள் கேள்வி.

வழியுண்டு அண்ணாச்சி. ஆனால் பெட்டியோடு வந்த சின்னப் புத்தகம் நம் வீட்டுக்குப் பாதிதான் பொருந்தும். எல்லாச் சாமானும் காலில் நிற்கிற வீட்டை மனத்தில் வைத்து எழுதியது அது. நம் வீட்டில் பாதிக் காரியம் தரையிலேயே நடக்கிறது. காய் நறுக்குவது, பூக் கட்டுவது, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவது, மத்தியானம் அம்மா கண்ணசருவது எல்லாம் தரையில்தான். ஆகவே மெஷினுக்காக வீட்டை மாற்றப் பார்க்காதீர்கள். எங்கே போகக் கூடாது, எந்த நேரத்தில் வரக் கூடாது, இந்த இரண்டையும் அதற்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

முதலில் அதற்கு எவ்வளவு கண் தெரியும் என்று பார்த்துவிடுவோம். மெஷினின் முதுகில் ஒரு சின்ன உருளை துருத்திக்கொண்டிருக்கிறதா? அதற்குள்ளே லேசர் சுற்றுகிறது, லைடார் என்பார்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத் தூரத்தை அளந்து வீட்டின் படத்தை வரைந்துகொள்ளும். இருட்டிலும் தடுமாறாது. உருளை இல்லாமல் கேமரா மட்டும் இருந்தால் வெளிச்சம் வேண்டும், ஜன்னலைத் திறந்தோ லைட்டைப் போட்டோதான் ஓட்ட முடியும். 2002-ல் வந்த ரூம்பா என்ற ரோபோ வேக்யூமின் முதல் மாடலுக்கு இந்த மேப் சமாச்சாரமே கிடையாது, முட்டி முட்டித் திரும்பியே வேலையை முடிக்கும். பழைய மெஷின் வைத்திருந்தவர்கள் சொல்கிற குறைகளை அப்படியே இதற்கும் பொருத்திப் பார்க்காதீர்கள்.

லைடாருக்கு ஒரு குறை உண்டு. தரையிலிருந்து ஏறக்குறைய 9, 10 சென்டிமீட்டர் உயரத்தில், ஒரே மட்டத்தில்தான் அது பார்க்கும். சுவரும் கட்டில் காலும் பீரோவும் தெரியும். அதற்குக் கீழே கிடக்கிற சார்ஜர் வயர், சாக்ஸ், பாய் விளிம்பு எதுவும் தெரியாது. விலை கூடிய மெஷின்களில் முன்பக்கம் இன்னொரு கண் வைத்திருப்பார்கள். மெல்லிய வயரை அதுவும் பல சமயம் கோட்டைவிடும். ஆக, தினமும் மாட்டுகிற இடத்தைக் கண்டுபிடிக்க நீங்களும் அந்த உயரத்துக்கு இறங்க வேண்டும். கன்னம் தரையில் படப் படுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் பாருங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் உங்களைவிட நன்றாகச் செய்வார்கள்.

சோபா அடியில் மாட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அரை சென்டிமீட்டர்தான். மெஷினின் உயரத்தை உருளையோடு சேர்த்து ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள், பல மாடல்கள் 10 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். சோபா அடி 8 என்றால் நுழையவே நுழையாது. 12 என்றால் தாராளமாகப் போய்வரும். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் வில்லங்கம். முன்பக்கம் நுழைந்து, பின்னால் குறுக்குச் சட்டம் இறங்கியிருக்கும் இடத்தில் ஆப்பு அடித்ததுபோல் நின்றுவிடும். சோபா கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டு உயர்த்துங்கள், அல்லது போன் ஆப்பில் அந்த இடத்தைத் தடைப் பகுதி என்று கட்டம் போட்டு அடைத்துவிடுங்கள். வயருக்கும் இதே கதைதான். டிவிக்குப் பின்னால், இன்டர்நெட் மோடம், இன்வெர்ட்டர் இருக்கும் மூலைகளில் ஒருமுறை கிளிப் அடித்து வயரைச் சுவரோடு தூக்கிவிடலாம். சோபா பக்கத்தில் நாள்தோறும் தொங்கும் போன் சார்ஜரை அப்படிச் செய்ய முடியாது. மேப்பில் அந்த இடத்தில் தடைக் கோடு போட்டுவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களைத் திருத்துவதைவிட அது சுலபம்.

படுக்கையறை வாசலுக்கு வருவோம். வாசல்களில் தரையோடு தரையாகக் கறுப்பு கிரானைட் பட்டை பதித்திருக்கிறார்களா? நம் பக்கத்து பிளாட்டுகளில் இது ரொம்பச் சகஜம், பாதி வீடுகளில் மெஷின் திரும்பி ஓடுவதற்குக் காரணமும் இதுதான். படியில் உருண்டு விழாமல் இருக்க மெஷினின் வயிற்றில் சின்னச் சின்ன சென்சார்கள் இருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கீழே அடித்து, திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வெள்ளை டைல்ஸில் நன்றாகத் திரும்பும். பளபளக்கும் கறுப்புக் கல்லில் போதுமான அளவு திரும்பாது. திரும்பவில்லை என்றால் அதன் கணக்கில் அங்கே பள்ளம். பிறகு எப்படித் தாண்டும்?

முதலில் அந்த சென்சார்களை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். தூசி படிந்திருந்தாலும் இதே கூத்துதான். சரியாகவில்லை என்றால் கிரானைட் மேல் வெளிர் நிறத்தில், பளபளப்பில்லாத டேப்பை அகலமாக ஒட்டி ஒரு நாள் ஓட்டுங்கள். தாண்டிவிட்டால் நோய் தெரிந்துவிட்டது, அதே நிறத்தில் தரைக்கென்று விற்கும் உறுதியான டேப்பை வாங்கி நிரந்தரமாக ஒட்டிவிடலாம். சிலர் சென்சாரின் மேலேயே டேப் ஒட்டச் சொல்வார்கள். பிளாட்டுக்குள் ஒரு படி இறக்கம் இருந்தாலும் அந்த வேலை வேண்டாம், கண்ணைக் கட்டி ஓடவிடுவதாகும். டேப் ஒட்டியும் ஏறவில்லை என்றால் பட்டை மேடாக இருக்கிறது, அந்த உயரம்தான் காரணம். பெரும்பாலான மெஷின்கள் 2 சென்டிமீட்டர் வரைதான் ஏறும். ஆசாரியிடம் சொல்லிச் சரிவாக ஒரு மரத்துண்டு சீவி வாங்கி வைக்கலாம், ஆனால் அம்மா நடக்கிற வழியில் வைக்காதீர்கள்.

கழிப்பறை வாசல் இதற்கு நேர்மாறு. தண்ணீர் வெளியே வராமல் இருக்க அங்கே தரையைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் கட்டுவார்கள். மூன்று சென்டிமீட்டர் இறக்கம் சில மெஷின்களுக்குப் பள்ளமாகவே படாது, அதனால் இறங்கிவிடும். திரும்பி ஏறுவதற்கோ அது உயரம். ஈரத்தரையில் கிடந்து கத்திக்கொண்டிருக்கும். கதவைச் சாத்திவைப்பதை நம்பாதீர்கள், மேப்பில் எல்லாக் கழிப்பறை வாசலுக்கும் குறுக்கே கோடு போடுங்கள். துணி துவைக்கும் பால்கனிக்கும் அப்படியே.

இல்லாத அறை முளைத்ததற்குக் கண்ணாடிதான் காரணம். லேசர் கண்ணாடிக் கதவுக்குள் புகுந்து வெளியே போய்விடும், நிலைக்கண்ணாடியில் பட்டால் பிரதிபலிப்பை இன்னோர் அறை என்று எடுத்துக்கொள்ளும். பீரோக் கண்ணாடி பெரும்பாலும் அவ்வளவு கீழே இறங்காது, அதனால் குற்றமில்லை. தரைவரை வரும் டிரெஸ்ஸிங் டேபிள், பால்கனியின் தள்ளுகதவு இரண்டையும் சந்தேகப்படுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் சாதாரணத் தாளை ஒட்டிவிட்டு மேப்பை மறுபடி எடுத்தால் பேய் அறை போய்விடும். மேப் சேமித்த பிறகு தாளைக் கிழித்துக்கொள்ளலாம், ஆனால் அந்த இடத்தில் கோடு ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

மேப்பை மறுபடி எடுக்கும் நாளில் மட்டும் வீட்டைக் கொஞ்சம் ஒதுக்கத்தான் வேண்டும். மிதியடிகளை எடுத்து, சாப்பாட்டு மேஜை நாற்காலிகளை வழக்கமாக நிற்கும் இடத்திலேயே விட்டு, எல்லா அறைக் கதவையும் அகலத் திறந்துவையுங்கள். மனுஷர்கள் கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளட்டும். குறுக்கே நின்றால் உங்கள் காலையும் தூண் என்று வரைந்துவிடும். மெஷினை டாக்கிலிருந்து, அதாவது அது நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் இடத்திலிருந்துதான் கிளப்ப வேண்டும், நடுவில் கையால் தூக்கி இடம் மாற்றக் கூடாது. முடிந்ததும் அறைகளைப் பிரித்துப் பெயர் வையுங்கள். ஆப் எந்தப் பெயர் கொடுத்தாலும் வீட்டில் எல்லாரும் சொல்கிற பெயரையே போடுங்கள், அடுக்களை என்றால் அடுக்களை. டவுனில் உள்ள பழைய வீடுகள் என்றால் முன்பக்கத் தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு நிலையிலும் ஒரு படி தாண்ட வேண்டும். இந்த மெஷின் தார்சாவிலேயே நின்றிருக்கும். அந்த மட்டுக்கும் பிளாட் கொடுத்துவைத்தது.

டாக் என்பது அதன் தாவளம். சுவரை ஒட்டி, இரண்டு பக்கமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் வெற்றிடம் வேண்டும். மேற்கு வெயில் நேரே விழும் இடம் ஆகாது. ஒருமுறை வைத்தபின் இடத்தை மாற்றினால் மேப் குழம்பும். துபாய்ப் பொருள் என்பதால் மின்சாரத்தைப் பற்றிக் கவலை இல்லை, அங்கேயும் இங்கேயும் 220 முதல் 240 வோல்ட்தான். பிளக்தான் வேறு, மூன்று பட்டைப் பின் உள்ளது. ஆடுகிற அடாப்டரில் சொருகி வைத்தால் இரவெல்லாம் பொறி பறக்கும். பல சாதாரண டாக்குகளில் வயர் தனியாகக் கழன்று வரும், பழைய டேப் ரெக்கார்டருக்குப் போடும் அதே எட்டு வடிவ முனைதான். எலெக்ட்ரிகல் கடையில் நம் பின்னோடு ஒன்று வாங்கி மாட்டுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்றால் டாக்கின் அடியில் 100-240 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் சொருகவே கூடாது. ஆப்பில் இணைக்கும்போது நாடு எது என்று கேட்டால், இந்தியா சரிவராத பட்சத்தில் வாங்கிய நாட்டைக் கொடுத்துப் பாருங்கள். சில நிறுவனங்கள் அப்படித்தான் பூட்டி வைத்திருக்கின்றன.

வைஃபையில் இவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். ரௌட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில சமயம் சேராது, பெயரைப் பிரித்து வையுங்கள். கடைசி அறையில் சிக்னல் போனாலும் மெஷின் நிற்காது. மேப் அதற்குள்ளேயே இருக்கிறது.

இனி நேரம். உங்கள் வீட்டில் உண்மையான சிக்கல் இங்கேதான் என்று நினைக்கிறேன். எல்லாரும் தூங்கும்போது ஓடவிடுங்கள் என்றுதான் யாரும் யோசனை சொல்வார்கள். நம் வீட்டில் நடக்குமா? விளக்கு வைத்த பிறகு வீடு தூத்தக் கூடாது. ஆள் ஊருக்குக் கிளம்பிய உடனேயும் தூத்தக் கூடாது. சில ஆப்களில் உங்கள் போன் வீட்டை விட்டு வெளியேறியதும் மெஷின் தானாகக் கிளம்புகிற வசதி உண்டு. நீங்கள் சென்னைக்கு பஸ் ஏறப் போன அடுத்த நிமிஷம் இது பெருக்கக் கிளம்பினால், பரணில் போடச் சொன்னது போதாதென்று அம்மா கிணற்றில் போடச் சொல்வார்கள். நம்புகிறோமா இல்லையா என்பது வேறு விஷயம். அம்மாவோடு சண்டை போட்டு ஒரு தூசி மெஷின் அந்த வீட்டில் நிலைக்காது.

முழு வீட்டுக்கும் ஒரே நேரம் வைக்காதீர்கள். அறைக்கொரு நேரம் வைக்க ஆப்பிலேயே வழி இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், வீட்டில் ஒரு மூச்சு அடங்கியதும் பத்து மணிவாக்கில் படுக்கையறைகள். அம்மா அடுக்களையிலோ பால்கனியிலோ இருக்கும் பதினொன்றரைக்கு ஹால். சாப்பாட்டுக் கடை முடிந்து பாத்திரம் கழுவியபின் மூன்று மணிக்கு அடுக்களை. மத்தியானத் தூக்க நேரத்தில் அம்மா படுக்கிற அறைப் பக்கமே அது தலைகாட்டக் கூடாது. இது நான் ஊகித்த கணக்குதான். உங்கள் வீட்டில் எந்த அறை எப்போது காலியாகிறது என்று நாலு நாள் கவனித்துவிட்டு நேரத்தைப் போடுங்கள்.

அம்மாவின் காலில் இடறாமல் இருப்பது தூசியைவிட முக்கியம். வெள்ளை மெஷின் வெள்ளை டைல்ஸில் வந்தால் கண்புரை உள்ளவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதன் முதுகில் சிவப்பு டேப்பை ஒரு பட்டையாக ஒட்டிவிடுங்கள், லைடார் உருளையை மட்டும் மறைக்காமல். கிளம்பும்போது அது பேசுகிற குரலை அணைக்காதீர்கள், அந்தச் சத்தம்தான் எச்சரிக்கை. மேலே உள்ள பட்டனை அழுத்தினால் நின்றுவிடும் என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுங்கள். நிறுத்துகிற அதிகாரம் கையில் வந்துவிட்டால் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

பூஜை செய்யும் இடத்தைச் சுற்றி அகலமாகவே தடைக் கட்டம் போடுங்கள். குத்துவிளக்கு தரையில் எரிகிற வீட்டில் இது சம்பிரதாய விஷயம் இல்லை, தீ விஷயம். திருக்கார்த்திகை அன்று வீடு முழுக்க அகல் விளக்கு இருக்கும், அன்றைக்கு எல்லா நேரத்தையும் நிறுத்திவிடுங்கள். சிந்திய குங்குமத்தின் மேல் ஈரத்துணியோடு போனால் ஹால் முழுக்கச் சிவப்புக் கோலம்தான்.

துடைப்பதைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். அடுக்களையில் தாளிதம் தெறித்த எண்ணெயை எடுக்காது, பரப்பும். தண்ணீர்த் தொட்டியில் பினாயில், சோப் ஆயில் எதையும் ஊற்றாதீர்கள். வெறும் தண்ணீர், இல்லையென்றால் அந்த மெஷினுக்கென்று சொல்லப்பட்ட திரவம். போர் தண்ணீரும் வேண்டாம், நம் பக்கத்து உப்பு உள்ளே படிந்து சின்னத் துவாரங்களை அடைத்துவிடும். தொட்டியே ஒரு சொம்புத் தண்ணீருக்குள்தான், குடிக்கப் பிடித்துவைக்கும் தாமிரபரணித் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றினால் போயிற்று. பத்தமடைப் பாய் விரித்திருக்கும் இடத்தைத் துடைக்காத பகுதி என்று தனியாகக் குறியுங்கள். பாயின் விளிம்புத் துணியைப் பக்கவாட்டு பிரஷ் இழுக்கும். நல்ல பாய் என்றால் சுருட்டி வைத்துவிடுவதே உத்தமம்.

உறிஞ்சும் சக்தியை பாஸ்கல் கணக்கில் சொல்லி ஆயிரக்கணக்கில் விளம்பரம் செய்வார்கள். கார்ப்பெட் இல்லாத டைல்ஸ் தரைக்குச் சாதாரண மோடே போதும். சத்தமும் குறையும், பேட்டரியும் நிற்கும். பெண்கள் இருக்கும் வீட்டில் உருளை பிரஷை முடக்குவது நீள முடிதான். அதோடு பூக் கட்டிய வாழைநாரும் தேங்காய் நாரும் சேர்ந்து அச்சின் இரண்டு முனையிலும் கயிறாக முறுக்கிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பிரஷைக் கழற்றி, கத்தரியால் நறுக்கி எடுத்துவிடுங்கள். முன்னால் உள்ள சின்னச் சக்கரத்தையும் பிடுங்கிப் பாருங்கள், முடி அங்கேயும் சுற்றியிருக்கும். கோடை லீவில் பிள்ளைகள் தாயமும் பல்லாங்குழியும் ஆடினால் புளியங்கொட்டையும் சோழியும் கிடைக்கும். இன்னொன்று, தூசி டப்பாவை நேரே குப்பைத் தொட்டியில் தட்டாதீர்கள். பழைய செய்தித்தாளில் கொட்டி விரலால் கிளறிப் பார்த்துவிட்டு எறியுங்கள். கம்மல் திருகாணி, மூக்குத்தித் திருகாணி எல்லாம் அதற்குள் போகும். காணாமல் போனது தெரிவதற்குள் குப்பை வண்டி வந்து போயிருக்கும்.

ஆனி, ஆடியில் காற்று அடிக்கும்போது இந்த ஊரில் ஜன்னலை மூடினாலும் தரை நறநறக்கும். அந்த நுண்மண் ஃபில்டரை வெகு சீக்கிரம் அடைத்துவிடும், தினமும் தட்டுங்கள். கழுவலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தால் மட்டும் கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட்டு மாட்டுங்கள். ஈர ஃபில்டரோடு ஓட்டினால் நாற்றம் வரும், மோட்டாருக்கும் கேடு. அந்தக் காற்றில் பறக்கிற ஜன்னல் திரையை மெஷின் சுவர் என்று நினைக்கும், இல்லையென்றால் தின்னப் பார்க்கும். திரையை முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். மூலைகளுக்கும் கதவிடுக்குக்கும் வாரியல்தான். 35 சென்டிமீட்டர் வட்டம் மூலைக்குள் நுழையாது. வேலைக்கு வருகிற அக்காவை இதைக் காரணம் காட்டி நிறுத்திவிடாதீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகலில் கரண்ட் போகும் நாளில் டாக்குக்கு உயிர் இருக்காது. வெளியே போன மெஷின் வாசல்வரை வந்தும் சொருகத் தெரியாமல் சுற்றலாம். சாதாரண டாக் குறைந்த மின்சாரமே எடுக்கும் என்பதால் இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கலாம். தானே குப்பையை உறிஞ்சி எடுக்கும் பெரிய டாக் என்றால் அந்த நேரத்தில் மிக்ஸியைவிட அதிகமாக இழுக்கும். அதை இன்வெர்ட்டரில் மாட்ட வேண்டாம்.

கேமரா உள்ள மெஷினா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், படுக்கையறைகளில் ஆள் இருக்கும்போது ஓட்டாதீர்கள், ஆப்பில் படம் அனுப்பும் அனுமதிகளையும் அணைத்துவிடுங்கள். சோதனைக்காக வீடுகளில் ஓடிய ரூம்பா மாடல்கள் எடுத்த படங்கள், கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படம் உட்பட, வெளியே கசிந்தது 2022-ல் செய்தியாக வந்தது. கடையில் விற்ற மெஷின்கள் அவை அல்ல, ஆனாலும் கேமரா கேமராதான். லைடார் மட்டும் உள்ளது வீட்டின் கோட்டுப்படத்தைத்தான் வைத்திருக்கும்.

வாரக்கணக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் தொட்டித் தண்ணீரைக் கொட்டி, துடைக்கும் துணியைக் கழற்றிக் காயப்போட்டு, முழுதாக சார்ஜ் ஏற்றி, மெஷினின் பவரை அணைத்துவிட்டு டாக் பிளக்கைப் பிடுங்கிவையுங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும்.